வேலிக்கு இட்ட துவக்கு

தன்னுயிரைக் காத்துக்கொள்ள முனைதல் எல்லா உயிர்களுக்கும் இயல்பு. கூட்டை நெருங்கும் காகத்தைச் சிறு குருவி துரத்துகிறது. குஞ்சைத் தூக்க வரும் பருந்தைக் கோழி எதிர்த்துப் பாய்கிறது. மனிதன் மட்டும் கைகட்டி நின்று மாள வேண்டுமென்று எந்தச் சமயமும் விதிக்கவில்லை; எந்தச் சட்டமும் விதிக்கவில்லை. ஆயினும் குருவிக்கு அலகும் கோழிக்கு நகமும் பிறவியோடு வந்தவை. மனிதன் கையிலுள்ள துவக்கோ பிறர் கொடுத்து வந்தது. கொடுத்தவர் யார், எதற்காகக் கொடுத்தார், வேலை முடிந்தபின் திரும்பப் பெற்றாரா என்னும் கேள்விகள் அதனோடு கூடவே வந்துவிடுகின்றன. இவ்வாரம் நாம் பேசப் புகுவது அக்கேள்விகளைப் பற்றியே.

கல்முனைப் பகுதி இளைஞர் சிலர் ஒரு விவரணப்படம் எடுக்கத் திட்டமிட்டிருக்கின்றனர். அவர்களுள் முஸ்லிம்களும் உளர், தமிழரும் உளர், சிலர் எம்மிடம் பாடங் கேட்டவர். ஆயுதந் தாங்கித் தம்மைத் தாமே காத்துக்கொள்ளும் உரிமை மக்களுக்கு உண்டா என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள். அவர்களிடையே கருத்து ஒருமை இல்லை. “சேர், எங்கள் வாப்பாவின் காக்காவிடம் அன்றைக்கு ஒரு துவக்கு இருந்திருந்தால் அவர் செத்திருக்க மாட்டார்” என்றார் ஒருவர். “துவக்குக் கொடுத்தபடியால்தானே எங்கள் அம்மப்பா செத்தார்” என்றார் மற்றவர். இருவரும் பேசியது 1990ஆம் ஆண்டைப் பற்றி. இருவர் சொன்னதும் மெய்யே என்பதுதான் இப்படத்தின் கடினமும் பெருமையுமாகும்.

“ஆறிய புண்ணை ஏன் கிளற வேண்டும்?” என்று பெரியோர் சிலர் தடுக்கின்றனர். அவர்களது கவலை நியாயமானது. ஆனால் புண் ஆறிவிட்டதா? மேல் தோல் மூடியிருக்கிறது. உள்ளே வலி இருக்கிறது. இரண்டு வீட்டிலும் பிள்ளைகள் தத்தம் வீட்டுக் கதையை மட்டும் கேட்டு வளர்கின்றனர். அடுத்த வீட்டுக் கதையையும் கேட்பிக்கும் வல்லமை ஒரு நல்ல படத்துக்கு உண்டு.

ஒருவர் வேலி மற்றவர் வேலி

இக்கரையோரத்தின் அமைப்பை அறியாதோர்க்கு இப்பிரச்சினை விளங்காது. பெரியநீலாவணையைக் கடந்து பிரதான வீதியால் தெற்கே வருவோர், கைத்தறிக்குப் பேர்போன முஸ்லிம் ஊராகிய மருதமுனையைக் காண்பர். அதையடுத்து, திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்புக்குப் பேர்போன தமிழூராகிய பாண்டிருப்பு. பின்னர் கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது. அதற்கப்பால் விபுலாநந்த அடிகள் 1892இல் பிறந்த காரைதீவு. அதையும் கடந்தால் நிந்தவூர். மேற்கே வயல்வெளிப் புறத்தில் சம்மாந்துறையும் அதனை ஒட்டி வீரமுனையும் இருக்கின்றன.

ஊருக்கும் ஊருக்கும் இடையே மலையுமில்லை, ஆறுமில்லை. ஓர் ஒழுங்கை, ஒரு மதகு, சில இடங்களில் ஒரு கிடுகு வேலி, அவ்வளவே எல்லை. பேசும் மொழி ஒன்று. உழும் வயல் அடுத்தடுத்து. நீர் பாயும் வாய்க்கால் ஒன்று. ஒருவரது பின்வேலி மற்றவரது முன்வேலியாக அமைந்த ஊர்களில், வேலிக்கு மேலாக நீட்டப்படும் துவக்கு எப்பொழுதும் ஓர் அயலவரையே நோக்கி நிற்கும். படமெடுப்போர் முதற் காட்சியிலேயே இந்த அமைப்பைக் காட்டிவிடுவார்களாயின் பாதி விளக்கம் அதிலேயே முடிந்துவிடும்.

துவக்கின் பழைய தொழில்

துவக்கு இப்பகுதிக்குப் புதிதன்று. கதிர் முற்றும் காலத்தில் யானையையும் பன்றியையும் வெருட்டுவதற்கு வயற்காவலர் பரண்களில் துவக்கு வைத்திருந்தனர். அதற்கு ஒழுங்கு இருந்தது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துவக்குகள் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் எவரும் துவக்கு வைத்திருத்தல் ஆகாது; அப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஐக்கிய அமெரிக்காவின் நிலை வேறு. அங்கு 1791இல் செய்யப்பட்ட இரண்டாவது அரசியலமைப்புத் திருத்தம் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைக் கூறுகிறது. வீட்டில் தற்காப்புக்காகத் துவக்கு வைத்திருப்பது தனிமனிதர் உரிமையே என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2008இல் தீர்த்தது. எமது நாட்டில் துவக்கு உரிமையன்று. அரசு மனமிசைந்து தரும் அனுமதி. தந்ததை அரசு திரும்பக் கேட்கவும் கூடும். தனியாரின் பாதுகாப்புக்கென வழங்கப்பட்ட துவக்குகளை மீளாய்வுக்காக ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு 2024ஆம் ஆண்டின் இறுதியில் பணித்தமை இதற்குச் சான்று.

வீட்டிலுள்ள துவக்கு வீட்டைக் காக்கும் என்பதும் எப்பொழுதும் உண்மையாவதில்லை. தெற்கிலே 1987 முதல் 1989 வரை நிகழ்ந்த கிளர்ச்சிக் காலத்தில் வீடுவீடாகச் சென்று துவக்குகளைப் பறித்தனர். வடக்கிலும் இயக்கங்கள் தோன்றிய காலத்தில் அனுமதிபெற்ற துவக்குகள் அவ்வாறே போயின. துவக்கிருந்த வீட்டுக் கதவே முதலில் தட்டப்பட்டது.

இன்னொரு வகைத் துவக்கும் உண்டு. பன்றி வரும் பாதையில் கம்பி கட்டி, அக்கம்பியிற் கால் பட்டதும் வெடிக்குமாறு வைக்கும் கட்டுத்துவக்கு அது. சட்டம் அதனைத் தடுத்திருக்கிறது. காரணம் வெளிப்படை. வருவது பன்றியா, விறகெடுக்கப் போன பெண்ணா என்று கட்டுத்துவக்கு பார்ப்பதில்லை. இவ்வுவமையை வாசகர் மனத்திற் கொள்வாராக.

சட்டம் தரும் மூன்று அளவுகோல்கள்

தற்காப்புப் பற்றி எமது தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டிலேயே தெளிவாகப் பேசியிருக்கிறது. அதன் 89 முதல் 99 வரையான பிரிவுகள் தனிமனிதனின் தற்காப்புரிமையைக் கூறுவன. தன் உடலையும் பிறர் உடலையும் காக்க ஒருவன் செய்யும் செயல் குற்றமாகாது என்பது அதன் அடிப்படை. ஆனால் அவ்வுரிமைக்கு எல்லை உண்டு. எளிய மொழியிற் சொல்வதானால் அளவுகோல்கள் மூன்று. ஆபத்து மெய்யாகவே கண்முன் நிற்க வேண்டும். அதிகாரிகளின் பாதுகாப்பை நாட நேரமில்லாதிருக்க வேண்டும். செய்யும் தீங்கு காப்புக்குத் தேவையான அளவை மீறலாகாது.

இம்மூன்றையும் வைத்துப் பார்த்தால் பல கதைகள் தாமே தரம் பிரிந்துவிடும். நள்ளிரவில் ஊருக்குள் புகுந்தவனை எதிர்த்துச் சுட்டது தற்காப்பு. நேற்று நடந்த கொலைக்காக இன்று புறப்பட்டுப் போய்ச் சுட்டது பழிவாங்கல். யாரோ செய்த கொலைக்காக அவர் மொழியையோ சமயத்தையோ சேர்ந்த வேறொருவரைச் சுட்டது வெறுங் கொலை. மூன்றுக்கும் ஒரே துவக்கு பயன்படலாம். சுட்டவரும் ஒருவராகவே இருக்கலாம். ஆனால் மூன்றையும் ‘பாதுகாப்பு’ என்ற ஒரே பெயரால் அழைப்போமாயின் அச்சொல்லுக்குப் பொருளே இல்லாமற் போகும்.

ஊர்காவல் படை

இனிப் படத்தின் நடுப்பொருளுக்கு வருவோம். மக்கள் ‘ஹோம்காட்’ என வழங்கும் ஊர்காவல் படைக்கு 1985ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டம் இடமளித்தது. எல்லைக் கிராமங்களைக் காக்க அவ்வூர் ஆடவரையே எடுத்து, சிறிது பயிற்சியும் சிறிது சம்பளமும் சொட்கன் போன்ற துவக்கும் கொடுத்து நிறுத்துவது திட்டம். 1987ஆம் ஆண்டின் இலங்கை இந்திய உடன்படிக்கை இத்தகைய துணைப்படைகளை வடக்குக் கிழக்கிலிருந்து விலக்கிக்கொள்வது பற்றிப் பேசியது. 1990இல் போர் மீண்டும் மூண்டதும் படை பெருகிற்று. 2006இல் அது சிவில் பாதுகாப்புத் திணைக்களமாயிற்று. அவசரத்துக்கு இட்ட வேலி இருபது ஆண்டுகளில் நிரந்தர மதிலாயிற்று எனலாம்.

கரையோர முஸ்லிம் ஊர்களில் துவக்கு வேண்டுமென்ற குரல் எழுந்தமைக்குக் காரணம் கற்பனையன்று. 1990 ஜூன் 11ஆந் திகதி கிழக்கின் பொலிஸ் நிலையங்களை விடுதலைப் புலிகள் சூழ்ந்தனர். சரணடையுமாறு மேலிடத்திலிருந்து கட்டளை வந்தது. சரணடைந்த பொலிசார் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டனர். காக்க வேண்டியவரே இல்லாமற்போன நிலை அது. ஆகஸ்ட் 3ஆந் திகதி, வடக்கே மட்டக்களப்பு மாவட்டத்துக் காத்தான்குடியில், இஷாத் தொழுகையில் நின்ற ஆண்களும் சிறுவர்களுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் இரு பள்ளிவாசல்களில் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதே நாட்களில் அம்பாறை மாவட்ட வயல்களில் வேலை செய்துகொண்டிருந்த முஸ்லிம் விவசாயிகளும் கொலையுண்டனர். ஆகஸ்ட் 12ஆந் திகதி விடியுமுன் ஏறாவூரில் பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் மாண்டனர். இவற்றைக் கேட்ட பின்னர் “எங்களுக்கொரு துவக்குத் தாருங்கள்” என்று கேட்ட தகப்பனைக் குறை கூற எவருக்கு நா எழும்?

அதே ஆகஸ்ட் 12ஆந் திகதி சம்மாந்துறையை அடுத்த வீரமுனையில், பிள்ளையார் கோயிலில் அகதிகளாய் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர் தாக்கப்பட்டனர். இறந்தோர் 55 பேர் என்பது ஆண்டுதோறும் நினைவுகூரும் அவ்வூரவர் கணக்கு. தாக்கியோருள் ஊர்காவல் படையினர் இருந்தனர் என்பது அவர்கள் சாட்சியம். கோயிலில் இருந்தவர்கள் ஏறாவூருக்குப் போனவர்களல்லர், காத்தான்குடியைக் கண்டவர்களுமல்லர். சட்டத்தின் மூன்று அளவுகோல்களுள் ஒன்றேனும் அவர்கள் விடயத்திற் பொருந்தாது. பன்றிக்கென்று கட்டிய துவக்கு விறகெடுக்கப் போனவளைக் கொன்ற கதையே இது. இனம் பார்த்துத் துவக்குக் கொடுக்கும்போது, கொடுப்பவர் கம்பி கட்டுகிறார். எவர் கால் படுமென்று அவருக்குக் கவலையில்லை.

நாம் சைவ மரபில் வந்தவர். 1990இல் சிறு பிராயத்தினர். பள்ளிவாசலில் மாண்டவர்களைக் கொன்ற துவக்குகள் எமது மொழி பேசுவோர் ஏந்தியவை என்பதை எழுதாமல், வீரமுனையை மட்டும் எழுதுவது எமக்குத் தகாது. அவ்வாறே வீரமுனையை விட்டுவிட்டுக் காத்தான்குடியை மட்டும் எழுதுவது முஸ்லிம் அன்பர்க்கும் தகாது. நாட்காட்டியின் ஒரே இதழில் இரண்டு ஊர்களின் பெயரும் இருக்கின்றன. அவ்விதழைக் கிழித்துப் பாதியை மட்டும் காட்டும் படம் விவரணப்படமாகாது.

பிற நாடுகளிற் கண்டவை

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து ஜோன்ஸ்பரோ நகரில், 1964ஆம் ஆண்டு கறுப்பின ஆடவர் சிலர் துவக்கேந்தி ஒரு காவற் குழு அமைத்தனர். வெள்ளையின வெறியரிடமிருந்து அவர்களைக் காக்கப் பொலிசார் முன்வரவில்லை. சமவுரிமைத் தொண்டர்கள் தங்கிய வீடுகளைக் காப்பதே குழுவின் பணி. அரசு கைவிட்ட இடத்தில் தற்காப்பு நியாயமாவதற்கு இஃது எடுத்துக்காட்டு.

இந்தியாவின் சத்தீஸ்கர் மாநிலத்தில் 2005 முதல் நடந்தது வேறு. மாவோயிஸ்டுகளை எதிர்க்கவென ‘சல்வா ஜுடும்’ என்ற பெயரில் பழங்குடி மக்களைத் திரட்டினர். அம்மக்களுள் இளைஞர்களைச் சிறப்புப் பொலிசாராக்கி, சொற்பச் சம்பளத்துடன் அவர்கள் கையில் ஆயுதங் கொடுத்தது அம்மாநில அரசு. பேராசிரியை நந்தினி சுந்தர் முதலியோர் தொடுத்த வழக்கில், இது அரசியலமைப்புக்கு முரணென்று இந்திய உச்ச நீதிமன்றம் 2011 ஜூலை மாதத்தில் தீர்ப்பளித்தது. போதிய கல்வியும் பயிற்சியும் இல்லாத இளைஞரை முன்னே நிறுத்தி அரசு தன் கடமையைக் கழித்துக்கொள்ளலாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். எமது ஊர்காவலருள்ளும் துவக்கேந்திய காரணத்தாலேயே குறியாகி மாண்டவர் பலர். அவர்களது விதவைகளும் இப்படத்தில் இடம்பெற வேண்டியவர்கள்.

படத்துறையிலும் பாடங்கள் உள. மைக்கேல் மூர் 2002இல் எடுத்த ‘போலிங் ஃபார் கொலம்பைன்’ அமெரிக்கத் துவக்கு மோகத்தை நகைச்சுவையோடு விசாரித்தது. அந்நகைச்சுவை எமது பொருளுக்கு ஒவ்வாது. ஜோஷுவா ஓப்பன்ஹைமர் 2012இல் வெளியிட்ட ‘தி அக்ட் ஒஃப் கில்லிங்’ படத்தில், இந்தோனேசியக் கொலைஞர் தம் கொலைகளைத் தாமே நடித்துக் காட்டுகின்றனர். அது பெரும் படைப்பு. ஆயினும் கொன்றவரும் இழந்தவரும் ஒரே சந்தையில் மீன் வாங்கும் ஊரில் அம்முறையைக் கையாள்வது நெருப்போடு விளையாடுவதாகும்.

படமெடுப்போர்க்குச் சில யோசனைகள்

முதலாவது, கணக்கிலிருந்து தொடங்குக. எந்த ஊருக்கு எத்தனை துவக்குகள் கொடுக்கப்பட்டன, எத்தனை தோட்டாக்கள், எத்தனை திரும்பின? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இவற்றைக் கேட்கலாம். பாதுகாப்பைக் காரணங்காட்டி மறுக்கவும் கூடும். மறுப்புக் கடிதமும் படத்துக்கு ஒரு காட்சியே. மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் (யாழ்ப்பாணம்) என்ற அமைப்பினர் அக்காலத்திலேயே இருபக்கத் துயரையும் பதிந்து வெளியிட்ட அறிக்கைகளையும் படித்தல் வேண்டும்.

இரண்டாவது, கமராவை அடுப்படிக்குக் கொண்டு செல்லுக. இரவுக் காவல் முடிந்தபின் துவக்குப் பொலிஸ் நிலையத்துக்குத் திரும்பியதா, வீட்டுக்கு வந்ததா? வந்ததாயின் எங்கே வைக்கப்பட்டது? நெல் மூட்டைக்குப் பின்னாலா, கட்டிலுக்கு அடியிலா? குழந்தைகள் தொட்டார்களா? கணவன் துவக்கோடு வெளியேறிய இரவுகளில் மனைவி உறங்கினாளா? ஆண்கள் வீரம் பேசுவர். வீட்டில் துவக்கிருந்த நாட்கள் எப்படியிருந்தன என்பதைப் பெண்களே சொல்ல வல்லவர்.

மூன்றாவது, சாட்சிகளைக் காத்திடுக. பேசச் சம்மதித்தவர் பிறகு மனம் மாறினால் அவர் பேச்சை நீக்கிவிட வேண்டும். முகம் காட்ட விரும்பாதவரின் கைகளைக் காட்டினால் போதும். கொலை செய்தவரென்று ஒருவரது பெயரைச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை; அதனைப் படம் மேற்கொள்ளலாகாது.

நான்காவது, துவக்கை அழகுபடுத்தாதீர். வணிகத் திரைப்படங்களில் கதாநாயகன் துவக்கைத் தூக்கும்போது முரசு முழங்குகிறது. இப்படத்தில் துவக்கு வரும் இடத்தில் இசை வேண்டாம். வெறும் இரும்பும் மரமுமாக, ஒரு மேசைமேற் கிடக்கட்டும்.

ஐந்தாவது, பழங்கதையோடு நின்றுவிடாதீர். 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில், உணவிலே மலட்டு மருந்து கலந்ததாகப் பொய் வதந்தி பரவி, பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. அது மருந்தன்று, மாவுப் பொருளே என்று பின்னர் அரசாங்கப் பகுப்பாய்வாளர் அறிவித்தார். அந்நாளில் “எங்கள் துவக்குகளைத் திருப்பித் தாருங்கள்” என்று எண்ணிய இளைஞர் இல்லாமலில்லை. அடுத்த ஆண்டு, உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகள் நிகழ்ந்து ஐந்தாம் நாள், 2019 ஏப்ரல் 26ஆந் திகதி சாய்ந்தமருதில் அக்கொடியவர்களைச் சேர்ந்தோர் மறைந்திருந்த வீடு கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுகொண்டு தகவல் கொடுத்தவர்கள் அவ்வூர் முஸ்லிம் மக்கள். அவர்கள் கையில் துவக்கில்லை. விழிப்பிருந்தது, சொல்லப்போனால் கேட்பதற்கு ஓர் அதிகாரி இருந்தார். குழந்தைகள் உட்படப் பலர் அவ்வீட்டில் மாண்டமை துயரமே. ஆயினும் ஊர் பிழைத்தது. இவ்விரண்டு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்தால், ஊரைக் காப்பது எது என்ற கேள்விக்கு விடை தேடுவது பார்ப்போர்க்கு எளிதாகும்.

எமது துணிபு இதுவே. தற்காப்புரிமை மெய்யானது, அதனை எவரும் மறுக்கலாகாது. ஆனால் ஓர் ஊர் துவக்குக் கேட்கும் நிலை வந்ததென்றால், அதற்கு முன்னரே அரசு தன் கடமையில் தவறிவிட்டது என்பது பொருள். தவறிய அரசு அக்கடமையைத் துவக்காக மாற்றி ஒரு சமூகத்தின் கையிற் கொடுத்துவிட்டு விலகி நின்றது. பின்னர் நடந்தவற்றுக்கு இரு சமூகங்களும் ஒன்றையொன்று நோக்கிக் கணக்குக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. கேட்க வேண்டிய இடம் வேறு. வாப்பாவின் காக்காவை இழந்த வீடும் அம்மப்பாவை இழந்த வீடும் ஒன்றாய் நின்று, “எங்கள் இருவரையும் காக்க ஏன் ஒருவரும் வரவில்லை?” என்று கேட்குமாயின் படம் தன் பணியைச் செய்துவிட்டது.

இறுதியாக ஒரு வேண்டுகோள். இலங்கையில் விவரணப்படத்துக்கு நீண்ட வரலாறுண்டு. பேசில் ரைட்டின் ‘சோங் ஒஃப் சிலோன்’ 1934இல் வெளிவந்தது. அரசாங்கத் திரைப்படப் பிரிவு 1948இல் தொடங்கப்பட்டது. ஆயினும் எம்மவரைப் பற்றிய படங்களைக் கொழும்பிலோ வெளிநாட்டு விழாவிலோ பிறர் பார்த்த பின்னரே நாம் கேள்விப்படுகிறோம். இப்படம் அவ்வாறாதல் வேண்டாம். முதற் காட்சி ஒரே மாலையில் மருதமுனையில் ஒரு மண்டபத்திலும் பாண்டிருப்பில் ஒரு மண்டபத்திலும் நடைபெறட்டும். மருதமுனையார் பாண்டிருப்பிலும், பாண்டிருப்பார் மருதமுனையிலும் சென்று அமரட்டும். நடந்து போகக்கூடிய தூரந்தான்.